மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒயின் ஜாடி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எல்டர்பெரி என்ற சின்னக் கறுப்புப் பழத்தில் போடும் ஒயின் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. எத்தனை கிலோ பழம், எவ்வளவு சர்க்கரை என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்ற எல்லாரும் வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஜாடியை எங்கே வைப்பது, குழந்தை பிறந்திருக்கிறது என்ன செய்வது, அம்மா ஊரிலிருந்து வருகிறார், எப்படிச் சொல்வது என்று. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். லண்டனுக்கு வடக்கே ஒரு சின்ன வீட்டில் பத்தொன்பது வருடமாகப் பழ ஒயின் போடுகிறேன், எப்போதாவது பியரும் உண்டு. இத்தனை வருடத்தில் எனக்கு வந்த சிக்கல்களில் முக்கால்வாசி, வீட்டாரைக் கேட்காமல் நேரத்தையும் இடத்தையும் நானாக எடுத்துக்கொண்டதால் வந்தவை. அதனால் இந்த மாதம் முழுக்க அந்தக் கேள்விகளுக்குத்தான்.

*

எங்கள் வீட்டில் சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கிற ஏரிங் கப்போர்டில்தான் குளிர்காலத்தில் இட்லி மாவு வைப்பேன். இப்போது கணவர் அங்கே ஒயின் பொங்கும் பெரிய ஜாடி, டெமிஜான், இரண்டை வைத்துவிட்டார். துவைத்த துணியில்கூட ஒரு வாடை வருகிறது. ஒயின் ஈஸ்ட் மாவில் கலந்துவிடுமா? அந்த அலமாரி யாருக்கு என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.
– வாசகி, ஹாரோ

அலமாரி மாவுக்குத்தான். உங்கள் பக்கம் பேச வேண்டும் என்று சொல்லவில்லை, ஒயினுக்கே அந்த இடம் ஒத்துவராது. இட்லி மாவு நன்றாகப் பொங்க முப்பது டிகிரி சூடு வேண்டும். பழ ஒயினுக்கு 18 முதல் 22 டிகிரி போதும். அதற்கு மேல் சூடு ஏறினால் ஈஸ்ட் அவசரப்பட்டு வேலை செய்யும், பழத்தின் மணம் போய்விடும், தொண்டையில் காரமாக ஒரு சுருக்கென்ற சுவை நிற்கும். அதைப் போக்க ஒரு வருடம் வைத்தாலும் போகாது. நீங்கள் பகலில் இருக்கும் அறையின் சூடே அந்த ஜாடிக்குச் சரி. சோபாவுக்குப் பின்னால், ஜன்னல் வெயில் படாத மூலையில், பழைய துண்டு ஒன்றைச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி ஹீட்டிங் அணைந்தபின் அறை ரொம்பக் குளிர்ந்துபோகும் வீடு என்றால், ஜாடியைச் சுற்றிக் கட்டும் ஒரு சூட்டுப் பட்டி ஹோம்புரூ கடைகளில் கிடைக்கும்.

கலப்பதைப் பற்றிப் பயம் வேண்டாம். டெமிஜான் வாயில் அடைப்பான் இருக்கிறது, அதன்மேல் வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத, தண்ணீர் நிற்கும் ஏர்லாக் குழாய் இருக்கிறது, வெளியே வருவது வாயு மட்டும். மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் லாக்டிக் பாக்டீரியாக்கள், அவை கோடிக்கணக்கில் இருக்கும் இடத்தில் தப்பித் தவறி ஒரு துளி ஈஸ்ட் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. நான் பயப்படுவது மறுபக்கத்தைப் பற்றி. ராத்திரி மாவு பொங்கி வழிந்து, பாத்திரத்தின் விளிம்பிலிருந்து சொட்டி, பக்கத்து ஜாடியின் கழுத்தில் காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கிடப்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அதைத் துடைக்காமல் அடைப்பானைத் திறந்தால் அந்த பாக்டீரியா ஒயினுக்குள் போகும், ஒயின் புளிக்கும். அப்புறம் கரண்டி, வாளி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும், முக்கியமாக ஊறுகாய் போட்ட பிளாஸ்டிக் வாளி. அதை எத்தனை தடவை கழுவினாலும் வாசம் போகாது.

அந்த வாடை அழுகிய முட்டை வாடையாக இருந்தால், ஈஸ்டுக்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். ஈஸ்ட் நியூட்ரியன்ட் என்ற பெயரில் வெள்ளைப் பொடி விற்கிறார்கள், பாக்கெட்டில் சொன்ன அளவு போடட்டும். துணியை இன்னொரு தடவை துவைக்கும் வேலை அவருடையது.

*

அண்ணா, ஆகஸ்ட் கடைசியில் எங்களுக்கு மகள் பிறந்தாள். அதற்கு முந்தின வாரம் கால்வாய்க் கரையில் பறித்த ஐந்து கிலோ பிளாக்பெரி ஃப்ரீசரில் அப்படியே கிடக்கிறது. தொடக்கூட நேரமில்லை. மாமியார் வந்திருக்கிறார், மீன் வைக்க இடமில்லை என்கிறார். பழம் வீணாகிவிடுமோ என்று ராத்திரி தூக்கத்தில்கூட அதே நினைப்பு.
– மில்டன் கீன்ஸ்

தம்பி, முதலில் மகளுக்கு என் ஆசீர்வாதம். பழம் வீணாகாது. உறைய வைப்பது பிளாக்பெரிக்கு நல்லதும்கூட. பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸ் ஆகும்போது உள் சுவர்கள் எல்லாம் கிழிந்துவிடும், இளகியதும் கையால் பிசையாமலே சாறு ஓடி வரும். செப்டம்பரில் பறித்துப் பிப்ரவரியில் போட்ட ஒயினுக்கும், பறித்த அன்றே போட்டதற்கும் வித்தியாசம் என் நாக்குக்குத் தெரிந்ததில்லை. ஒரு வருடம் வரை தாராளமாக இருக்கட்டும்.

ஆனால் மாமியார் கேட்பது நியாயமான கேள்வி. பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியச் சமையலுக்கு மீன் வைக்க இடம் வேண்டும் என்கிறார், அதற்கு முன்னால் உங்கள் பழம் நிற்கக் கூடாது. ஒரு டெமிஜானுக்கு, அதாவது நாலரை லிட்டருக்கு, இரண்டு கிலோ பிளாக்பெரி போதும். இரண்டு கிலோவை மட்டும் தட்டையான பைகளில் பரப்பி அடியில் வையுங்கள், மீதி மூன்று கிலோவை ஜாம் போடக் கொடுத்துவிடுங்கள்.

இந்தப் பொழுதுபோக்கில் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். பறித்து வெளியே வைத்த பழம் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. வாளியில் பழமும் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்ந்த முதல் ஐந்து நாள், தினமும் இரண்டு வேளை, மேலே மிதக்கும் பழக்கூழைக் கரண்டியால் அமுக்கிவிட வேண்டும், தவறினால் மேலே பூசணம் பிடிக்கும், சின்ன ஈ மொய்க்கும். ஆறாம் நாள் வடிகட்டி டெமிஜானில் ஊற்றி ஏர்லாக் மாட்டியாக வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரும் எல்லா வேலையும் உங்களுக்காகக் காத்திருக்கும். அடியில் கசடு படிந்ததும் வேறு ஜாடிக்கு மாற்ற வேண்டும் என்று படித்திருப்பீர்கள், அதை இரண்டு வாரம் தள்ளிப் போட்டால் ஒன்றும் கெடாது, ஒரு மாதம் தள்ளினாலும் பெரும்பாலும் கெடாது. நேரமாகக் கணக்குப் போட்டால் முதல் நாள் முக்கால் மணி, நடுவில் ஐந்து நாள் பத்துப் பத்து நிமிடம், வடிகட்ட அரை மணி. இரண்டு மணி நேரம்தான் மொத்தமே. அந்த ஆறு நாள் எந்த ஆறு நாள் என்பதை உங்கள் மனைவி சொல்லட்டும். ஜனவரியாக இருக்கலாம், மார்ச்சாகவும் இருக்கலாம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் மகனுக்கு இரண்டு மாதம், வயிற்று வலியில் ராத்திரி முழுக்க வீறிட்டு அழுவான். அப்படி ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு நான் சமையலறையில் எல்டர்ஃபிளவர், அதாவது எல்டர் மரத்துப் பூவில் போட்ட ஒயினை ஜாடி மாற்றிக்கொண்டிருந்தேன். ரப்பர் குழாயை ஒரு கையில் பிடித்தபடி, பாதியில் விட்டால் கசடு கலங்கிவிடும் என்று மாடியைப் பார்த்துச் சொன்னேன். மேலே அவன் அழுகிறான், என் மனைவி தனியாக நடந்துகொண்டிருக்கிறாள், பலகைத் தரையில் அவள் காலடி போய்த் திரும்பி வருவது எனக்குத் தலைக்கு மேல் கேட்கிறது. அந்த ஒயின் இன்னும் மூன்று வாரம் அப்படியே இருந்திருக்கும். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

உண்மையிலேயே காத்திருக்காதது எல்டர்ஃபிளவர் ஒன்றுதான். ஜூனில் பூக்கும், வெயில் அடிக்கும் காலையில் பறித்து அன்றே போட வேண்டும். அடுத்த ஜூனில் உங்களால் முடியாவிட்டால் அந்த வருடம் விட்டுவிடுங்கள், மரம் அங்கேயேதான் இருக்கும்.

*

நாங்கள் சுத்த சைவம். என் பெண் வீட்டு ஒயினைத் தெளிவாக்க ஏதோ போடுகிறாள், அதில் மீன் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். உண்மையா?
– வாசகர், லெஸ்டர்

எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் கேட்டது சரி. ஐசிங்லாஸ் என்று எழுதியிருந்தால் அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. ஜெலட்டின் மாட்டு எலும்பு, பன்றித் தோல் போன்றவற்றிலிருந்து வருவது. கைட்டோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து. பென்டோனைட் என்று போட்டிருந்தால் அது ஒரு வகைக் களிமண், கவலையில்லை. மகளிடம் பென்டோனைட் வாங்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வழி, ஒன்றும் போடாமல் குளிரான இடத்தில் நாலு மாதம் விட்டுவிடுவது, பெரும்பாலான ஒயின் தானே தெளிந்துவிடும். பிளம், ஆப்பிள் மாதிரிப் பழத்தில் பெக்டினால், அதாவது ஜாமைக் கெட்டியாக்கும் பொருளால், வரும் மங்கல் மட்டும் அப்படிப் போகாது, அதற்குப் பழம் போடும் அன்றே பெக்டிக் என்சைம் ஒரு டீஸ்பூன் போட வேண்டும்.

*

எங்கள் சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். அம்மா ஆறு வாரம் எங்களோடு தங்க வருகிறார். போன தடவை வீடியோவில் பின்னால் இருந்த ஜாடியைப் பார்த்துவிட்டு, என்னடா வீட்டிலேயே சாராயம் காய்ச்சுகிறாயா என்று கேட்டவர், அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. எங்கள் தெருவிலேயே அந்தக் கள்ளச்சாராயச் சாவு விழுந்தது. நான் என்ன சொல்வது?
– வாசகர், கோவென்ட்ரி

2024 ஜூனில் உங்கள் ஊரில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தத் தெருவில் இருந்த ஒருவர் ஜாடியைப் பார்த்துப் பதறினால், அவரிடம் அறிவியல் பேசுவதற்கு முன்னால் அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும். அம்மாவிடம் எடுத்த எடுப்பில் விளக்கம் சொல்லாதீர்கள். அவர் என்ன பார்த்தார், யார் யார் போனார்கள் என்று கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கட்டும்.

அப்புறம் விஷயத்தைச் சொல்லலாம். அங்கே உயிரைக் குடித்தது மெத்தனால், தொழிற்சாலைகளில் பயன்படும் சாமான், அதைச் சாராயத்தில் கலந்து விற்றார்கள். உடம்புக்குள் போனால் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணை அவிக்கும், உயிரை எடுக்கும். பழத்தில் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் வருவது எத்தனால். பழத்தோலில் இருக்கும் பெக்டினிலிருந்து மிகச் சிறிய அளவு மெத்தனாலும் வரத்தான் செய்யும், கடையில் வாங்கும் பழச்சாற்றிலும் அது துளி இருக்கிறது, அந்த அளவால் ஒயினில் ஆபத்தில்லை. நாம் எதையும் அடுப்பில் ஏற்றிக் காய்ச்சி வடிப்பதில்லை. வீட்டில் காய்ச்சி வடிப்பது இங்கிலாந்திலும் உரிமம் இல்லாமல் குற்றம், இந்தப் பகுதியில் நான் அதைப் பற்றி ஒருநாளும் எழுத மாட்டேன். ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையது ஆகிறதே, அதே மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன என்று சொன்னால் அம்மாவுக்குப் புரியும்.

புரிந்தும் அவருக்குப் பிடிக்காமல் போகலாம், அது அவர் உரிமை. இந்த ஆறு வாரமும் ஜாடிகளைக் கராஜுக்கு மாற்றி, வெளிச்சம் படாமல் ஒரு போர்வை போட்டு மூடிவிடுங்கள். பொங்கி அடங்கிய ஒயின் குளிரில் நிம்மதியாக இருக்கும். ஒளித்து வைக்க வேண்டாம், கராஜில் வைத்திருக்கிறேன் அம்மா, நீங்கள் இருக்கும் வரை தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அதன்படி நடங்கள்.

*

என் கணவர் நாலு வருடமாக ஒயின் போடுகிறார். ஆரம்பத்தில் நானும் சேர்ந்து பழம் பறிக்கப் போவேன். இப்போது தினமும் ராத்திரி ருசி பார்க்கிறேன் என்று ஜாடியிலிருந்தே டம்ளரில் எடுக்கிறார். போத்தலில் அடைக்கிற வரைக்கும் எதுவும் மிஞ்சுவதில்லை. கேட்டால், இது கடையில் வாங்கினதா, வீட்டுப் பழம்தானே என்கிறார்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

தங்கச்சி, உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுபோல இதற்குச் சொல்ல முடியாது.

கணக்கை மட்டும் முதலில் போட்டுக் காட்டுகிறேன், அவரிடம் காட்ட அது உதவும். ஒரு டெமிஜானில் ஆறு போத்தல். 12 சதவீத ஒயின் என்றால் ஒரு போத்தலில் ஒன்பது யூனிட் ஆல்கஹால் (பத்து மில்லி சுத்த ஆல்கஹால் ஒரு யூனிட்), ஆக ஒரு ஜாடியில் 54 யூனிட். பிரிட்டனின் மருத்துவ அறிவுரை 2016 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது, அதையும் மூன்று நாளாவது பரப்பி. ஒரு ஜாடி ஒரு ஆளுக்கு நாலு வாரத்துக்கு வர வேண்டும், அதுவும் அவர் வேறு எதுவும் குடிக்காவிட்டால். உங்கள் வீட்டில் எத்தனை நாளில் காலியாகிறது என்று தேதி குறித்துப் பாருங்கள். வீட்டு ஒயின் 13, 14 சதவீதத்துக்கும் போகும். பழம் வீட்டுப் பழமாக இருந்தாலும் ஈரலுக்கு அது ஒன்றுதான்.

ஜாடியிலிருந்து டம்ளரில் எடுப்பதுதான் இதில் மோசமான பழக்கம், ஏனென்றால் அளவு யாருக்கும் தெரியாது, எடுப்பவருக்கும் தெரியாது. ருசி பார்க்க ஒரு மேசைக்கரண்டி போதும், அதுவும் ஜாடி மாற்றும் நாளில், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. எல்டர்பெரி ஒயின் குடிக்கிற பதத்துக்கு வர ஒரு வருடமாவது ஆகும். போத்தல் நிறையும் வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை என்றால், அவர் இப்போது செய்வது ஒயின் போடும் வேலை இல்லை. இதை நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள். கோபம் வந்தால் என்மேல் வரட்டும்.

ஒன்று மட்டும் கவனம். காலையில் எழுந்ததும் கை நடுக்கம், வியர்வை, எரிச்சல் இருக்கிறதா, குடித்ததும் அது அடங்குகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் கோபத்தில் ஜாடியை எல்லாம் கவிழ்த்துவிடாதீர்கள். உடம்பு அதற்குப் பழகிவிட்ட நிலையில் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்து. ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம் போங்கள், கணவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசுங்கள். குறைக்கும் வழியை அவர்கள் சொல்வார்கள். அதுவரை புது ஜாடி எதுவும் போட வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம், அது உங்கள் வீடும்தான்.

*

கோயம்புத்தூரில் இருக்கிறேன். திராட்சை மலிவாகக் கிடைக்கிறது. வீட்டில் போடலாமா?
– வாசகர்

கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டுக் குடிப்புக்கு என்றாலும்தான். இங்கிலாந்திலேயே 1963 வரை வீட்டில் பியர் போட உரிமம் வாங்க வேண்டியிருந்தது, அந்த வருட பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வந்த பிறகுதான் வீட்டு பியருக்கு மத்திய அரசு வழிவிட்டது, அதிலும் ஒரு வீட்டில் வயது வந்தவர் இருவர் இருந்தால் வருடத்துக்கு 200 காலன் என்று வரம்பு உண்டு. நான் இருக்கும் ஊர்ச் சட்டத்தை வைத்துச் சொல்லும் பதில் உங்களுக்கு உதவாது. திராட்சையைச் சாறு பிழிந்து குளிர வைத்துக் குடியுங்கள்.

*

அண்ணை, நான் பியர்தான் போடுறனான், மால்டிலிருந்தே, அதாவது முளைகட்டிக் காயவைச்ச பார்லியிலிருந்தே தொடங்கி. சனிக்கிழமை காலை ஆரம்பித்தால் கழுவி முடிக்கப் பின்னேரம் மூன்று மணி. மனுசி, உங்கட சனிக்கிழமையை நாங்கள் எப்ப பார்க்கிறது என்று கேட்கிறா. இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு நாய். இனிக் கோடை வேறு வருகிறது, கராஜ் அடுப்பு மாதிரிக் கொதிக்கும்.
– வாசகர், சிட்னி

சனிக்கிழமையை உடையுங்கள். மால்டைச் சுடுதண்ணீரில் ஊற வைக்கும் ஒரு மணி நேரத்தை வெள்ளி ராத்திரி பிள்ளைகள் தூங்கினபின் வைத்துக்கொள்ளுங்கள். 66 டிகிரியில் கலந்து, மூடி, இரண்டு தடித்த போர்வையைச் சுற்றிவிட்டுப் படுத்துவிடலாம். காலை ஆறு மணிக்கு எடுத்து வடித்துக் கொதிக்க வைத்தால், மற்றவர்கள் எழுந்து வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், புளிப்பு ஏறத் தொடங்கும். பியர் கொஞ்சம் மெல்லியதாக வரும், எனக்கு அது பிடிக்கும்.

ஆற வைக்கும் வேலையையும் விட்டுவிடலாம். உங்கள் ஆஸ்திரேலியாவில் பலர் செய்வதுதான், கொதித்த வோர்ட்டை, அதாவது வடித்த மால்ட் சாறை, அப்படியே உணவுத் தரமான கட்டிப் பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி, இறுக மூடிச் சாய்த்து வைப்பது. மறுநாள் ஆறியதும் ஈஸ்ட் போடலாம். ஒரு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள், மாதக்கணக்கில் வைப்பது பாதுகாப்பில்லை. சூடு அடங்கத் தாமதமாவதால் கசப்பு கூடும், கடைசியில் போடும் ஹாப்ஸை, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் அந்தப் பூவை, இன்னும் தாமதமாகப் போடுங்கள்.

கோடைக்கு நோர்வேயின் மேற்குப் பண்ணைகளில் தலைமுறையாக வைத்திருந்த க்வைக் ஈஸ்ட் வாங்குங்கள். மற்ற பியர் ஈஸ்டில் பெரும்பாலும் சூடு கூடினால் மணம் கெடும், இது 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்து நாலைந்து நாளில் முடித்துவிடும்.

சொல்ல வேண்டிய இரண்டு உண்டு. கொதிக்கும் வோர்ட் சர்க்கரைக் கரைசல், தண்ணீரைவிட மோசமாகத் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். இருபது லிட்டர் பானை அடுப்பில் இருக்கும் ஒரு மணி நேரமும் சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது, அதை நீங்களும் மனைவியும் முன்கூட்டியே பேசிவைத்தால்தான் நடக்கும். வெளி கேஸ் அடுப்பு என்றால் திறந்த வெளியில் மட்டும், கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே வேண்டாம். அடுத்தது, ஹாப்ஸ் நாய்க்கு விஷம். உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் ஏறிச் செத்துப்போகக்கூடும். பிழிந்த ஹாப்ஸைத் தோட்டத்து உரக்குழியில் கொட்டாதீர்கள், பையில் கட்டி மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

*

மாடிப்படிக்கு அடியில் போத்தல்களை வைத்திருக்கிறேன், பிள்ளைகளின் சப்பாத்துகளும் அங்கேதான். பாதுகாப்பா?
– வாசகி, ஸ்கார்பரோ

ஒயின் முழுக்கப் புளித்து அடங்கியிருந்தால் பாதுகாப்பு. அடங்கியதா என்று ஹைட்ரோமீட்டர்தான் சொல்லும் (சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மிதவைக் கருவி, வெறும் தண்ணீரில் 1.000 காட்டும்), ஏர்லாக்கில் குமிழி வருவது நின்றதை நம்பாதீர்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, இரண்டு தடவையும் 1.000-க்குக் கீழே ஒரே எண் வர வேண்டும். 2011-இல் ஒரு ஆப்பிள் ஒயின் டிசம்பர் குளிரில் 1.012-இல் நின்றுவிட்டது. எனக்குப் போத்தல் அடைக்க அவசரம், விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஜாடிகளை ஒதுக்க வேண்டியிருந்தது. மே மாதம் சூடு வந்ததும் உள்ளே தூங்கிக்கிடந்த ஈஸ்ட் எழுந்து மீதிச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கியது. ஒரு மதியம் மாடிப்படிக்கு அடியில் மூன்று போத்தல் அடுத்தடுத்து வெடித்தன. மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள் நகத்தளவு கண்ணாடித் துண்டு ஒன்றை என் மனைவி இரண்டு நாள் கழித்து எடுத்தாள், காலை உள்ளே விடுவதற்கு முன்னால் கவிழ்த்துத் தட்டிப் பார்த்ததால் கிடைத்தது. சப்பாத்துகளை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். போத்தல்களையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் வையுங்கள். இனிப்பான ஒயின்தான் பிடிக்கும் என்றால், அடைக்கும் முன் ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சோர்பேட்டும், சல்ஃபைட் உள்ள காம்டன் மாத்திரையும் சேர்த்துப் போட வேண்டும், இரண்டில் ஒன்று மட்டும் போதாது. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் காம்டன் போட்ட ஒயின் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

*

என் கணவர் ஏப்ரலில் காலமானார். கராஜில் அவர் போட்ட ஏழு ஜாடி ஒயின் அப்படியே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது, எல்டர்பெரி செப். 2023, ருபார்ப், பிளம் என்று. நான் குடிப்பதில்லை. எப்படிச் செய்வது என்றும் தெரியாது. கொட்டிவிடுங்கள் அம்மா என்று மகன் சொல்கிறான். எனக்குக் கொட்ட மனம் வரவில்லை.
– வாசகி, குரோய்டன்

அம்மா, கொட்ட வேண்டாம். இந்த மாதம் எதையும் முடிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை.

எல்டர்பெரி இரண்டு மூன்று வருடம் வைத்தால்தான் துவர்ப்பு இறங்கி நன்றாக வரும், அவர் அதைத் தெரிந்தேதான் ஜாடியில் விட்டிருப்பார். ருபார்பும் பிளமும் இந்நேரம் தெளிந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஜாடியாகப் பாருங்கள். ஒயின் கழுத்து வரை நிற்கிறதா, அடியில் எவ்வளவு கசடு, மேலே வெள்ளை ஆடை ஏதாவது மிதக்கிறதா என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடைப்பானைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பழ வாசமோ, மர வாசமோ, லேசான உலர்திராட்சை வாசமோ வந்தால் நல்லது. வினிகர் வாசம் மூக்கில் குத்தினால் அந்த ஒன்று போய்விட்டது, சமையலுக்குக்கூட வேண்டாம், அதை மட்டும் கொட்டலாம்.

மீதியைப் போத்தலில் அடைக்கத் துணை வேண்டும், ஒரு முழுப் பிற்பகல் வேலை. பிரிட்டனில் பல ஊர்களில் வீட்டு ஒயின்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கங்கள் இருக்கின்றன, கேட்டால் யாராவது குழாயும் தக்கை அடிக்கும் கருவியும் எடுத்துக்கொண்டு வருவார்கள். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் இந்த இதழின் முகவரிக்கு எனக்கு எழுதுங்கள், குரோய்டனுக்கு நானே வருகிறேன். மகனையும் அன்றைக்கு இருக்கச் சொல்லுங்கள், அப்பாவின் சீட்டை ஜாடியிலிருந்து கிழியாமல் எடுக்க வேண்டும், வெதுவெதுப்பான ஈரத்துணியைக் கால் மணி நேரம் மேலே ஒத்தி வைத்தால் பசை இளகிவிடும். ஆறேழு ஜாடி என்றால் நாற்பது போத்தல் அளவுக்கு வரும். விற்கக் கூடாது, கொடுக்கலாம். ஏப்ரலில் அவருடைய ஆண்டு நினைவுக்கு வருகிற நண்பர்களில் குடிக்கிறவர்கள் இருந்தால் ஆளுக்கு ஒன்று கொடுங்கள்.

அதுவரைக்கும் ஒரே ஒரு வேலை. ஒவ்வொரு ஜாடியின் மேலும் வளைந்த சின்னக் குழாய் இருக்கும், அதுதான் ஏர்லாக். ஏழு மாதமாக யாரும் பார்க்காததால் அதில் தண்ணீர் வற்றிப்போயிருக்கும், அதன் வழியாகக் காற்று உள்ளே போகும். கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு கரண்டியில் எடுத்து, குழாயின் பாதி அளவுக்கு, ஏழிலும் ஊற்றிவிடுங்கள். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள் அம்மா.